கடற்காட்சி எவர் சொத்து?

கரையோரக் காணிகளின் விலை ஏறிக்கொண்டே போகின்றது. விலையோடு மதில்களும் ஏறுகின்றன. நேற்றுவரை வேலிக்கும் பனைக்கும் இடையே நீலமாய்த் தெரிந்த கடலை, இன்று ஒழுங்கையின் முடிவில் எழுந்த சீமெந்துச் சுவரொன்று மறைத்து நிற்கின்றது. "காணி அவருடையது, காசும் அவருடையது, அவர் கட்டுகிறார், அயலவர்க்கு இதில் என்ன வழக்கு?" என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். கேள்வி நியாயமானதே. அதற்கு நேரான விடை கூறவேண்டிய காலம் வந்துவிட்டமையாலேயே இவ்விடயத்தை இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், கிழக்கிலே பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாய் எழுந்தன. வடக்கிலே வலிகாமம் வடக்கின் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்த காணிகள், ஆண்டுகள் பல கடந்து, துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. மீண்ட காணியில் வீடு கட்டுவோர் உளர். விற்றுவிட்டுப் போவோர் உளர். வெளிநாட்டுப் பணத்தோடு வந்து வாங்குவோரும் உளர். இடிந்த வீடு கிடந்த இடத்தில் மாடிவீடும், பழைய வாடி நின்ற இடத்தில் விருந்தினர் விடுதியும் வருகின்றன. வரட்டும். எமது மக்களுக்கு வீடும் வேண்டும், தொழிலும் வேண்டும். ஆயின், சுவர் எழும்புமுன் பேசவேண்டிய பேச்சை எழும்பியபின் பேசுவோருக்கு நீதிமன்றமும் உதவமாட்டாது. ஏன் உதவாது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

சட்டம் சொல்வது என்ன?

இங்கிலாந்திலே 1610 ஆம் ஆண்டில் ஒரு வழக்கு நடந்தது. அயலவருடைய பன்றித் தொழுவத்தின் நாற்றம் தாங்கமாட்டாது ஒருவர் தொடுத்த வழக்கு அது. நாற்றத்துக்கு அவர் நிவாரணம் பெற்றார். ஆனால் அதே வழக்கிலே காட்சியைப் பற்றியும் ஒரு விதி எடுத்துரைக்கப்பட்டது. நெடுந்தூரம் தெரியும் காட்சி ஒரு வீட்டுக்குப் பெருஞ் சிறப்பே. எனினும் அஃது இன்பத்துக்குரியதேயன்றித் தேவைக்குரியதன்று. ஆதலின் அதை மறைப்பவர்மீது வழக்கில்லை என்பதே அவ்விதி. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து, 1997 இல், இலண்டன் மாநகரின் கனேரி வார்வ் கோபுரம் தம் வீடுகளுக்கு வரும் தொலைக்காட்சி அலைகளை மறித்துவிட்டதென்று அயலவர்கள் முறையிட்டபோதும், பிரபுக்கள் சபை அப்பழைய வழியிலேயே நின்றது. கட்டடமொன்று குறுக்கே நிற்கின்றது என்பது மாத்திரம் ஒரு குற்றமாகாது என்று அது தீர்ப்பளித்தது.

எமது நாட்டின் பொதுச்சட்டம் ஆங்கிலச் சட்டமன்று, உரோம-டச்சுச் சட்டமாகும். யாழ்ப்பாணத்திலே தேசவழமை மௌனமாயிருக்குமிடத்தும் அச்சட்டமே பேசுகின்றது. எனினும் இவ்விடயத்தில் அடிப்படை நிலை வேறன்று. தன் காணியிலே கட்டுவதற்கு ஒருவருக்கு உரிமையுண்டு. காட்சி மறைகின்றது என்ற ஒன்றை மட்டும் கொண்டு அயலவர் அவரைத் தடுத்தல் இயலாது.

"எமது பாட்டன் காலந்தொட்டு இத்திண்ணையில் இருந்து கடலைப் பார்த்து வந்தோம், அஃது உரிமையாகாதா?" என்று சிலர் வினவுகின்றனர். ஆகாது என்பதே எமது விடை. அயற்காணிக்குக் குறுக்கே பல ஆண்டுகள் எவரையும் கேளாது நடந்து வழியுரிமை பெறுதல் வேறு. நடப்பவர் பிறர் மண்ணை மிதிக்கின்றார். சொந்தக்காரர் தடுக்க வேண்டியிருந்தால் தடுத்திருக்கலாம். தடுக்காமையினால் காலப்போக்கில் உரிமை பிறக்கின்றது. வெற்றுக்காணியின் மேலாகக் கடலைப் பார்ப்பவரோ எவருடைய மண்ணையும் மிதிக்கவில்லை. தடுப்பதற்கு ஒரு செயல் இல்லாதவிடத்து, தடுக்காமையினால் ஓர் உரிமை பிறப்பதற்கும் இடமில்லை. அயலவர் கட்டாமல் விட்டிருந்த காலமெல்லாம் அவர் தந்த சலுகைக் காலமே எனச் சட்டம் கொள்கின்றது.

கொன்சாந்திநோப்பிள் கண்ட வழி

அவ்வாறாயின் சட்டத்திலே எவ்வழியும் இல்லையா? உண்டு. எமது பொதுச்சட்டத்தின் மூலவேராகிய உரோமச் சட்டமே கடற்காட்சியைக் காக்கத் தெளிவான விதிகள் செய்த சட்டமாகும் என்பதைப் பலர் அறியார்.

கிழக்கு உரோமப் பேரரசின் தலைநகராகிய கொன்சாந்திநோப்பிள் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நகரம். மக்கள் நெருக்கம் மிகுந்தது. மாடிக்கு மேல் மாடி எழுந்தது. 474 முதல் 491 வரை ஆண்ட சீனோ பேரரசன் அந்நகருக்கெனக் கட்டட விதியொன்று செய்தான். பழைய வீட்டைத் திருத்தி மீளக் கட்டுவோர், முன்னிருந்த வடிவத்தைக் கடந்து அயலவரின் ஒளியையும் காட்சியையும் பறித்தலாகாது என்றான். ஒரு வீட்டிலிருந்து நேரே தெரியும் கடற்காட்சியை, நூறு அடிக்கு உட்பட்ட தூரத்தில் எவரும் புதிதாய்க் கட்டி மறைத்தலாகாது என்றான். நூறு அடிக்கு அப்பால் அவரவர் விருப்பம்.

அவ்விதியின் நிதானத்தைக் கவனிக்குமாறு எமது வாசகர்களை வேண்டுகின்றோம். வீட்டினுள் நின்றோ இருந்தோ நேராகக் காணும் காட்சிக்கே காவல் தரப்பட்டது. கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்துக் காணும் காட்சிக்கன்று. சமையற்கட்டிலிருந்தும் கழிப்பிடத்திலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் தெரியும் காட்சிக்கும் காவலில்லை. கட்டுபவரின் உரிமையையும் காண்பவரின் உரிமையையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த விதி அது. "எல்லாம் எனக்கே" என்று இருவரில் எவரும் கூறுவதற்கு அது இடம்வைக்கவில்லை.

சட்டம் வந்தால் சட்டத்தை ஏய்ப்போரும் வருவர். நூறு அடிக்குள் வீடு கட்டாமல், வீட்டோடு சேராத சுவர் போன்ற மறைப்புகளை எழுப்பி, "நாம் கட்டடம் எதுவும் கட்டவில்லையே" என்று சாதித்தோர் அக்காலத்திலும் இருந்தனர். 538 ஆம் ஆண்டில் யஸ்தீனியன் பேரரசன் இதற்கெனத் தனிச் சட்டமொன்றே பிறப்பித்தான். அத்தகைய மறைப்பை இடித்தகற்றவும், பத்து இறாத்தல் பொன் தண்டமாக இறுக்கவும் அது கட்டளையிட்டது. இன்று விடுதிக் கட்டடத்தைச் சட்டப்படி பின்னே தள்ளிக் கட்டிவிட்டு, முன்னே தகர வேலியையும் விளம்பரப் பலகையையும் நாட்டிக் கடலை மறைப்போருக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய முன்னோர்கள் இருந்திருக்கின்றனர்.

உறுதியில் எழுதுக

சீனோவின் நூறு அடி எமது நாட்டிலே விதியாய் இல்லை. ஆனால் உரோமச் சட்டம் எமக்கு விட்டுச் சென்ற மற்றொரு கருவி இன்றும் கையில் இருக்கின்றது. "இன்ன உயரத்துக்கு மேற் கட்டமாட்டேன்" என்றும், "உமது காட்சியை மறைக்கமாட்டேன்" என்றும் ஒரு காணிச் சொந்தக்காரர் அயற்காணிக்குத் தரும் உரிமைகளே அவை. இவ்விரண்டையும் உரோமச் சட்டம் தனித்தனிப் பெயரிட்டு அறிந்திருந்தது. உரோம-டச்சுச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. இவை ஆளுக்கு ஆள் கொடுக்கும் வாக்கல்ல. காணிக்குக் காணி பட்ட கடமையாகும். காணி கைமாறினும் கடமை காணியோடு செல்லும்.

ஆனால் இவ்வுரிமை வாய்ப்பேச்சால் வராது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியின்மேல் உண்டாக்கும் எவ்வுரிமையும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வேலியோரம் நின்று தேநீர் அருந்தியபடி "அண்ணை, உங்கள் பக்கம் நான் உயர்த்தமாட்டேன்" என்று கூறிய நல்ல மனிதர் காணியை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டால், வாங்கியவரை அச்சொல் கட்டுப்படுத்தாது. எழுதியபின் அதனைக் காணிப் பதிவகத்தில் 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பதியவும் வேண்டும்.

கமக்காரர் பெருமக்களுக்கு இங்கு ஒரு சொல். கடலோரத்திலோ களப்போரத்திலோ இருபது பரப்புக் காணியுடைய ஒருவர், மகளின் கலியாணத்துக்காக முன்பகுதி பத்துப் பரப்பை விற்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். பின்பகுதி அவருக்கு மிச்சம். வாங்குபவர் முன்னே மூன்று மாடி எழுப்பினால், பின்பகுதியின் விலையும் விழும், காற்றும் போகும், காட்சியும் போகும். விற்கும் அன்றைக்கு மாத்திரமே அவர் கையில் பலம் இருக்கின்றது. அன்றைய உறுதியிலேயே, நில அளவையாளரின் வரைபடத்தோடு, இன்ன கோட்டுக்கு இப்பால் இத்தனை மீற்றருக்கு மேற் கட்டலாகாது என்று எழுதிவைத்தால், பின்பகுதி தலைமுறைக்கும் காக்கப்படும். உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பதையும் எழுதுக. மண் நிரப்பி நிலத்தை உயர்த்திவிட்டு அதன்மேல் அளக்கத் தொடங்குவோர் உளர்.

மற்றொரு கண்ணியும் உண்டு. கூட்டுச் சொத்துக்களைப் பிரிக்கும் வழக்குகள் எமது பகுதிகளில் எண்ணற்றவை. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி, தீர்ப்பாணையில் குறிப்பிடப்படாத சுமைகள் காணியை விட்டு நீங்கிவிடும். அயற்காணிக்குள்ள இத்தகைய உரிமைகளும் அவற்றுள் அடங்கும். அயற்காணி பிரிவினை வழக்குக்குப் போயிருப்பதை அறிந்தும், "எமக்கு அதில் பங்கில்லையே" என்று வாளாவிருப்பவர், முப்பது ஆண்டு காத்த உரிமையை ஒரு நாளில் இழக்கக்கூடும். எமது வழக்கறிஞர் அன்பர்கள் கட்சிக்காரர் கேட்குமுன்னரே இதை நினைவூட்டுதல் அவர்தம் கடன்.

காணியில்லாதவன் கண்ட கடல்

இதுவரை கூறியது காணியுடையோர் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. கடலோரத்தில் ஒரு குழி நிலமும் இல்லாதவனுக்கு எவர் உறுதி எழுதிக் கொடுப்பார்? மாலையில் பிள்ளைகளோடு கரைக்கு வரும் ஆசிரியருக்கும், வாரம் ஒருமுறை சந்தைக்கு வந்து போகும்போது பாலத்தில் நின்று காற்று வாங்கும் உழவனுக்கும் கடல் தெரியவேண்டுமே. அங்கேதான் பொதுச்சபைகளின் கடமை தொடங்குகின்றது. தனியார் காட்சியைத் தனியார் உறுதி காக்கட்டும். பொதுமக்கள் நிற்குமிடத்திலிருந்து தெரியும் காட்சியை அரசும் சபைகளும் காக்கவேண்டும். இதுவே எமது கோரிக்கையின் சாரம்.

கொழும்பிலே காலிமுகத் திடல் இதற்கு நல்ல சாட்சி. 1859 இல் அதன் உலாப்பாதையை அமைத்து முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், நகரப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைக் காக்குமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்லிலே எழுதி வேண்டிச் சென்றார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபோது, அத்திடலை ஒரு தனியார் நிறுவனத்தின் கேளிக்கை வளாகமாக்க நகர அபிவிருத்தி அதிகார சபை உடன்படிக்கை செய்ததாகச் செய்தி வந்தது. சூழல் காக்கும் அமைப்பொன்று விபரம் கேட்டது, விபரம் மறுக்கப்பட்டது, வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2005 நவம்பரிலே வந்த தீர்ப்பு, திடல் பொதுமக்களின் திறந்த வெளியாகவே பேணப்படவேண்டும் என்ற பக்கம் நின்றது. தகவல் பெறும் உரிமையும் பேச்சுரிமையின் ஒரு பகுதியே எனவும் அது கூறியது.

ஆயினும் அதே திடலின் வடமேற்கே, 2014 செப்டம்பரில் தொடங்கிய துறைமுக நகர் வேலை, கடலையே மண்ணால் நிரப்பி 269 ஹெக்டேயர் புதுநிலம் ஆக்கிவிட்டது. முன்பு நீர் தெரிந்த திசையில் இன்று நிலம் தெரிகின்றது. கரையிலே ஒரு புற்றிடலைக் காத்த சட்டம், எதிரேயிருந்த நீரைக் காக்கவில்லை. திடல் காப்பதென்றால் அதிலிருந்து தெரியும் காட்சியையும் சேர்த்தே காக்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டவல்லது வேறெதுவுமில்லை.

எமது நாட்டிலே 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் இருக்கின்றது. உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். அதனுள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும். சமய முக்கியத்துவமும் தனிச்சிறப்பான காட்சி வளமும் உடைய இடங்களைப் பட்டியலிடுமாறும் அச்சட்டம் பணித்தது. 1989 இல் திணைக்களம் அத்தகைய பட்டியலொன்றை வெளியிட்டது. 2011 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கத் திருத்தம் கடற்கரைப் பூங்காக்களுக்கும் இடம் வைத்தது. எனவே, காட்சி என்பது சட்டம் அறியாத ஆடம்பரப் பொருள் என்று எந்த அதிகாரியும் இனிக் கூறமுடியாது. பட்டியலிலுள்ள சொல்லை அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனையாக்குவதே மீதியுள்ள வேலை.

பிற நாட்டார் இதனைச் செய்திருக்கின்றனர். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே 1972 இல் பொதுமக்கள் வாக்களித்துக் கரைகாக்கும் ஆணைக்குழுவை உண்டாக்கினர். 1976 ஆம் ஆண்டின் கரையோரச் சட்டம், கரையின் காட்சியழகைப் பொதுமுக்கியத்துவம் வாய்ந்த வளமாகக் கருதிக் காக்கவேண்டும் என்றும், கடலை நோக்கியும் கடலோரமாகவும் தெரியும் காட்சிகள் காக்கப்படுமாறு கட்டடங்கள் அமைக்கப்படவேண்டும் என்றும் விதித்தது. அங்கு காணிவிலை எமது நாட்டவர் கனவிலும் காணாத அளவு உயர்ந்தது. எனினும் அவ்விதி இன்றுவரை நின்று நிலைக்கின்றது.

கடலிலிருந்தும் ஒரு பார்வை

காட்சி என்றால் பணக்காரரின் மாடிமுகப்புச் சுகம் என்று நினைப்போருக்கு எமது கடற்றொழிலாளரின் வாழ்வைக் காட்ட விரும்புகின்றோம். கரைவலை இழுக்கும் கரையிலே, நீரின் நிறமாற்றத்தைக் கண்டு மீன்கூட்டம் வருவதைக் கூறும் கண் கரையில்தான் நிற்கின்றது. வள்ளத்திலே சென்றவர்கள் திரும்பும் நேரத்தை எண்ணிக் கரையில் நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் கடல் தெரிவது இன்பப் பொருளா, தேவைப் பொருளா? 1610 இன் நீதவான்கள் எமது துறைகளில் ஒருநாள் நின்றிருந்தால் அவ்விரண்டுக்கும் இடையே அத்துணை எளிதாய்க் கோடு கிழித்திருக்கமாட்டார்கள்.

கடலிலிருந்து கரையை நோக்கும் பார்வையும் உண்டு. கோயிற் கோபுரத்தையும் தேவாலய உச்சியையும் தனித்து நிற்கும் பனையையும் ஒன்றோடொன்று நேர்வைத்துத் தாம் நிற்குமிடத்தை அறிதல் தொழிலாளரின் பரம்பரை அறிவு. இன்று செய்மதிக் கருவிகள் வந்துவிட்டன. எனினும் மின்கலம் தீர்ந்தவனுக்குக் கோபுரமே வழிகாட்டி. உயர்ந்த விடுதியொன்று கோபுரத்தை மறைக்குமாயின், நிலத்தில் நிற்பவனின் அழகு மாத்திரமன்று, கடலில் நிற்பவனின் அடையாளமும் மறைகின்றது.

பாசிக்குடாவிலே நிகழ்ந்தது எமக்குப் படிப்பினையாகட்டும். விடுதிகள் குடாவைச் சூழ எழுந்தபின், தமது இறங்குதுறை ஒடுங்கிவிட்டது, கரைக்குச் செல்லும் வழிகள் குறைந்துவிட்டன என்று அங்குள்ள கடற்றொழிலாளர் முறையிட்டனர். காட்சி மறைதலும் வழி அடைபடுதலும் உடன்பிறந்தவை. கண் செல்லக்கூடிய இடைவெளி இருந்தால் கால் செல்லவும் இடம் இருக்கும். கண்ணுக்கு இடைவெளி மறுக்கப்பட்ட கரையில் காலுக்கும் வெகுநாள் வழி இராது.

மறுப்புரைகளுக்கு விடை

"இத்தகைய விதிகள் முதலிடுவோரை விரட்டிவிடும்" என்பது ஒரு மறுப்பு. முதலிடுவோர் எதற்காகக் கரைக்கு வருகின்றனர்? கடலுக்காகவே. முதல் விடுதி முழுக்கரையையும் மறைத்துக்கொண்டால், அதன் பின்னுள்ள பத்துக் காணிகளின் வளம் குன்றும். ஒருவர் பெறும் இலாபத்துக்காக ஊர் முழுவதும் நட்டமடையும். இடைவெளி விட்டுக் கட்டினால் பின்வரிசைக் காணிக்கும் மதிப்பு நிற்கும். இது பொருளாதாரக் கணக்கேயன்றிக் கவிஞரின் கனவன்று.

"ஏழை மீனவனின் குடிசையையும் இச்சட்டம் இடிக்குமே" என்பது மற்றொரு மறுப்பு. இதனை நாம் இலேசாகத் தள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப்பின், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடத் தடைவலயம் வகுக்கப்பட்டது. ஒரே கடல், ஒரே அலை. ஆயினும் எமது பக்கம் இருமடங்கு. அத்தடையின் பாரம் கரையிலே பிழைக்கும் எளியோர் தலையிலேயே வீழ்ந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆதலின் நாம் கேட்பது தூரத்தை மாத்திரம் அளக்கும் விதியன்று. உயரத்தையும் அகலத்தையும் அளக்கும் விதியையே கேட்கின்றோம். தாழ்ந்த வாடியொன்று எவர் கண்ணையும் மறைக்காது. நூறு மீற்றர் நீளத்துக்கு இடைவெளியின்றி ஓடும் மதில் ஓர் ஊரின் கண்ணையே கட்டிவிடும். விதி மதிலைப் பிடிக்கட்டும், வாடியை விடட்டும்.

"சொத்துரிமையில் கைவைக்கலாமா?" என்பது மூன்றாவது. உயரம், ஓரம், கழிவுநீர், நெருப்பு ஆகியவற்றுக்கெல்லாம் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகரச் சீராக்கக் கட்டளைச் சட்டம் தொட்டு விதிகள் இருந்து வருகின்றன. அவற்றை எவரும் பறிமுதல் என்று கூறவில்லை. கடலுக்கும் அதே வரிசையில் ஓரிடம் கேட்கின்றோம்.

சபைகள் செய்யவேண்டுவன

2023 மார்ச்சில் காலம் முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. கட்டட விண்ணப்பம் முதலிற் செல்லுமிடம் இச்சபைகளே. ஆகவே கரையோரமுள்ள ஒவ்வொரு மாநகர சபையும் நகர சபையும் பிரதேச சபையும் பின்வருவனவற்றைச் செய்யவேண்டும் என்று வற்புறுத்துகின்றோம்.

முதலாவதாக, பொதுமக்கள் நின்று நீரைக் காணும் இடங்களைக் கணக்கெடுத்து வரைபடத்தில் குறிக்கட்டும். கடலில் முடியும் ஒவ்வோர் ஒழுங்கையும், கோயில் வீதியும், தேவாலய முன்றிலும், பள்ளிவாசற் படியும், இறங்குதுறையும் அதில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலேரியும், மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்திலிருந்து தெரியும் களப்பும், திருகோணமலைக் கோணேசர் மலையிலிருந்து தெரியும் கடலும் அப்பட்டியலில் முதலிடம் பெறத்தக்கன. இவ்வேலைக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓர் அளவையாளரும், ஊரறிந்த இரு முதியவரும், சில நாட்களும் போதும்.

இரண்டாவதாக, குறிக்கப்பட்ட இடங்களுக்கும் நீருக்கும் இடையே எவர் கட்ட விண்ணப்பித்தாலும், கட்டடத்தின் உயரத்தையும் அகலத்தையும் அவ்விடத்திலேயே கம்பும் கயிறும் கட்டிக் காட்டுமாறு கேட்கட்டும். சுவிற்சர்லாந்திலே கட்டடம் எழுமுன் அவ்வாறு கம்பங்கள் நாட்டிக் காட்டுதல் வழமை. அங்கு வாழும் எமது உறவினர் பலர் அதனைக் கண்ணாற் கண்டிருப்பர். காகிதத்தில் பன்னிரண்டு மீற்றர் என்று வாசித்தால் விளங்காதவருக்கும், வானத்தில் கட்டிய கயிறு விளங்கும்.

மூன்றாவதாக, அனுமதி கொடுக்கும்போது கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே கடல் தெரியும் இடைவெளியையும், கரைப்பக்க மதிலின் உச்ச உயரத்தையும் எழுத்தில் நிபந்தனையாக்கட்டும். அந்த இடைவெளியில் பின்னர் பலகையோ தகரமோ வைத்து மறைத்தலாகாது என்றும் சேர்த்து எழுதட்டும்.

நான்காவதாக, விண்ணப்பம் வந்தவுடன் அயலவருக்கும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும், கமக்காரர் அமைப்புக்கும் அறிவித்தல் கொடுக்கட்டும். கொடுக்காத சபைகளிடம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. காலிமுகத் திடல் வழக்கிலே நீதிமன்றம்வரை சென்று பெறவேண்டியிருந்ததை, இன்று ஒரு விண்ணப்பத்தாற் கேட்கலாம்.

சபைகள் தாமாகச் செய்யும் என்று காத்திருத்தல் அறியாமையாகும். பொறியியலாளரும் வழக்கறிஞரும் அளவையாளரும் எமது ஊர்கள்தோறும் உளர். அவர்கள் ஒரு மாதத்தில் இரு மாலைப்பொழுதைத் தம் ஊர்ச் சபைக்குக் கொடுக்கட்டும். கமக்காரர் காணி விற்குமுன் உறுதியின் நகலைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டட்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் தமது துறைகளின் இடைவெளிகளை வரைபடத்தில் இடம்பெறச் செய்யட்டும்.

இடித்த வீட்டை மீளக் கட்டலாம். இழந்த காணியைப் போராடி மீட்டோரும் நம்மிடையே உளர். மூன்று மாடிக் கொங்கிறீற்றுக்குப் பின்னே போன கடலை மீட்டு வந்தவர் எவருமிலர். அடுத்த விண்ணப்பம் சபையின் மேசைக்கு வருமுன் கோடு கிழிக்கப்படவேண்டும். எந்தச் சபை முதலிற் கிழிக்கப்போகின்றது என்பதை நாம் பார்த்திருப்போம்.